கையுறையைக் கழற்றியவள்

கையுறைக்குள் விரல்கள் நடுங்கின.

இன்னும் யாரும் கவனிக்கவில்லை. அறுவை மேசையில் மயக்கத்தில் கிடந்தாள் ஒரு சிறுமி. குடல்வால் அறுவை சிகிச்சை. டாக்டர் மரகதவல்லி செய்து பழகியதுதான்.

காலையில் இதே மேசையில் ஒரு கல்லூரி மாணவன் இறந்துபோனான். பைக் விபத்து. அவனுடைய அப்பாவிடம் அவள்தான் போய்ச் சொன்னாள். முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்ததற்கு வந்துவிட்டாள்.

எப்போதும் அப்படித்தான். டாக்டர் மரகதவல்லி கல்லு மாதிரி என்பார்கள் ஆஸ்பத்திரியில். அதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கும்.

எதிரே உதவிக்கு நின்றவர் பெர்னார்டு. அவளோடு வேலைக்குச் சேர்ந்தவர். யார் கை தேர்ந்த கை என்று இருவருக்கும் நடுவே வெளியில் சொல்லாத ஒரு போட்டி.

விரல்களை மடக்கினாள். விரித்தாள். நிற்கவில்லை.

கையுறையைக் கழற்றினாள்.

"பெர்னார்டு, இன்னைக்கு என்னால முடியாது. நீங்க பண்ணுங்க."

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். அவள் நின்ற பக்கத்துக்கு வந்தார்.

யார் கண்ணிலும் படாமல் போகப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. அவள் முன்கதவைத் திறந்தாள்.

பெஞ்சில் இருந்த சிறுமியின் அம்மா பதறி எழுந்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, வேறு டாக்டர் செய்கிறார், நல்ல கைக்காரர் என்று மரகதவல்லி சொன்னாள்.

"நீங்க பண்ணுவீங்கன்னுதான வந்தோம் டாக்டரம்மா."

"காலைல ஒரு பையனக் காப்பாத்த முடியலம்மா. கை நடுங்குது. இந்தக் கையோட உங்க பிள்ளையத் தொடக் கூடாது."

குரலைத் தாழ்த்தவில்லை. நடைவழியில் போய்க்கொண்டிருந்த இரண்டு இளம் டாக்டர்கள் நின்றுவிட்டார்கள்.

அந்த அம்மா பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க."

உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மரகதவல்லிக்கு அழுகை வந்தது. யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதாள்.

அறுவை முடிந்து கதவு திறந்தது. பெர்னார்டு முகக்கவசத்தை இறக்கினார்.

"நல்லா இருக்கா. வந்து பாக்கலாம்."

அந்த அம்மா எழுந்து ஓடினாள். ஓடும்போது மரகதவல்லியின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

இளம் டாக்டர்கள் விலகி வழிவிட்டார்கள்.

நனைந்த முகத்தை மரகதவல்லி துடைக்கவில்லை. தலை நிமிர்ந்துதான் போனாள்.