குழல் வாயில் ஒரு மூச்சு

துப்பாக்கித் தொழிற்சாலையின் புகார்ப் பிரிவுக்கு வனக்காவலர் மாதப்பன் நேரிலேயே வந்துவிட்டார். பாய்ந்து வந்த யானைக்கு முன்னால் அவருடைய துப்பாக்கி வெடிக்கவில்லை. பரிசோதகர் ரெஜினா அதைப் பிரித்துப் பார்த்தாள். தோட்டாவை அடிக்கும் ஊசி உள்ளே முறிந்து கிடந்தது. தரச் சோதனையில் கண்ணுக்குத் தப்பிவிட்ட குறை. ஓர் ஆளைக் கொன்றிருக்கக்கூடிய குறை.

"எங்க தப்புதான் சார், மன்னிச்சுக்குங்க," என்றாள். "எப்படித் தப்பிச்சீங்க?"

"நான் எங்கீங்க தப்பிச்சேன்? காலே நகரலீங்க. பக்கத்துல வந்து நின்னுச்சு. தும்பிக்கைய நீட்டி இந்தக் குழல் வாயை மோந்து பாத்துச்சு. அது விட்ட மூச்சு குழலுக்குள்ள பூந்து என் தோள்ல அதிர்ந்துச்சுங்க. அப்புறம் திரும்பிப் போயிருச்சு."

எத்தனையோ குழல்களுக்குள் கண் வைத்துப் பார்த்த ரெஜினா, இந்தக் குழலை மட்டும் மறுபடி தொடத் தயங்கினாள். பிறகு புது ஊசியைப் பொருத்தி, மணல் மூட்டையில் சுட்டுப் பார்த்தாள். சுவர்கள் அதிர்ந்தன. துப்பாக்கியை இரு கைகளாலும் அவரிடம் நீட்டினாள்.

"இனி வெடிக்குங்களா, மேடம்?"

"கண்டிப்பா வெடிக்கும் சார்."

மாதப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கைகள் நீளவில்லை.