கை தூக்கும் வில்ஹோ

வில்ஹோ மறுபடியும் கையைத் தூக்கினார்.

மேடையில் நின்ற டாக்டர் ஐலா கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள். ஆறு வாரமாக இதே கதைதான்.

ஊர்த் தொழிலதிபர்களுக்காகப் பல்கலைக்கழகம் நடத்தும் பொருளாதாரச் சொற்பொழிவு அது. புதன்கிழமைதோறும் நாலு மணிக்கு. மர ஆலை முதலாளி, படகு கட்டுபவர், மீன் ஏற்றுமதிக்காரர் என்று ஐம்பது பெரிய மனிதர்கள் வந்து, வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சபையில் எழுந்து கேள்வி கேட்பதற்கு, உறைந்த ஏரியில் துளை போட்டுக் குளிப்பதே மேல் என்று நினைக்கிற பின்லாந்து ஆட்கள்.

வில்ஹோ மட்டும் வேறு ரகம். நாலு டிராக்டர் வைத்து ஊரெல்லாம் பனி தள்ளுகிற தொழில். உள்ளே வந்தால் பூட்ஸோடு பாதித் தெருவும் கூட வரும்.

"கேளுங்க வில்ஹோ."

"பணவீக்கம் குறைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே டீச்சர். அப்புறம் ஏன் காப்பித்தூள் விலை குறையவே மாட்டேங்குது?"

முன்வரிசையில் ஒருவர் பக்கென்று சிரித்தார். வங்கி மேலாளர் எஸ்கோ. அவர் சிரித்ததும் அரங்கமே சிரித்தது.

ஐலா பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். "விலை குறையல. ஏறுற வேகம்தான் குறைஞ்சிருக்கு. மெதுவா மாடி ஏறினாலும் மேலதானே போறோம்?"

"இப்பப் புரிஞ்சுது" என்று உட்கார்ந்தார் வில்ஹோ. ஐம்பது பேரும் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது, கையில் ஏலக்காய் பன்னோடு எஸ்கோ அவளை ஓரமாக அழைத்தார்.

"மனசுல பட்டதைச் சொல்லிடறேன் டாக்டர். அடுத்த வருஷமும் இந்தச் சொற்பொழிவுக்கு எங்க வங்கி பணம் குடுக்கணும்னு கேட்டிருக்கீங்க. கையெழுத்துப் போடறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்த ஆளை வெச்சுக்கிட்டு..."

"அவரும் தொழில் பண்றவர்தானே?"

"பண்ணட்டும், யார் வேண்டாம்னா? இது விஷயம் தெரிஞ்சவங்க உட்கார்ற இடம். ஒண்ணாங்கிளாஸ் பையன் மாதிரி எதையாவது கேட்டு மானத்தை வாங்கறாரு. ஒண்ணு, அவர் வாயை மூடணும். இல்ல, வராம இருக்கணும். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

சொற்பொழிவு நின்றுபோனால் மே மாதத்தோடு ஐலாவின் வேலையும் போய்விடும். அது எஸ்கோவுக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால் அவளுக்கும் வில்ஹோமேல் எரிச்சல்தான். மாங்கு மாங்கென்று தயாரித்துக்கொண்டு வந்தால், காப்பித்தூள் விலையில் கொண்டுபோய் நிறுத்துகிறாரே மனிதர்.

வெளியே வில்ஹோ டிராக்டரில் ஏறிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் வில்ஹோ. தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கேள்வி எல்லாம் கொஞ்சம்... அடிப்படையா இருக்கு. மத்தவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்ச விஷயம். அதனால இனிமே..."

"கேக்க வேண்டாங்கறீங்க?"

அவளுக்கு நிமிர்ந்து பார்க்கக் கூசியது. தலையை மட்டும் ஆட்டினாள்.

வில்ஹோ கோபப்படவில்லை. "ரொம்ப நல்லதாப் போச்சு. ஊரே சிரிக்குதுன்னு வீட்டுல தினம் அர்ச்சனை நடக்குது" என்றவர், கோட்டுப் பையிலிருந்து ஒரு கொத்துச் சீட்டுகளை எடுத்து அவள் கையில் திணித்தார். "அப்ப இதை நீங்களே வெச்சுக்குங்க. அடுத்த வாரத்துக்கு வந்தது."

"என்ன இது?"

"கேள்விங்கதான். எல்லா ஆபீஸ் வாசல்லயும் நான்தானே பனி தள்றேன்? காரை நகர்த்தச் சொல்லிக் கதவைத் தட்டுவேன். முதலாளி வருவாரு. கார் நகருதோ இல்லையோ, சீட்டு ஒண்ணு என் கைக்கு வந்துடும். 'வில்ஹோ, நீ கேட்டுடேன், நான் கேட்டா நல்லா இருக்காது'ம்பாங்க."

ஐலா அசந்துபோனாள். "அப்ப இத்தனை நாளா நீங்க கேட்டது?"

"ஒண்ணுகூட என்னுது இல்ல. டிராக்டர்ல பத்து மணி நேரம் ரேடியோல செய்தி ஓடுது டீச்சர், எனக்கு என்ன சந்தேகம்? பாவம், அவங்கல்லாம் பெரிய மனுஷங்க. என்னைப் பாத்துச் சிரிச்சா நான் என்ன தேஞ்சா போயிடுவேன்?"

"யார் யார் குடுத்தது?"

"அது மட்டும் கேக்காதீங்க. அவங்க பேர் எழுதறதும் இல்ல, நான் சொல்றதும் இல்ல."

ஐலா விளக்கடியில் நின்று ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தாள். பத்துச் சீட்டு, பத்து விதமான எழுத்து. அவள் மாய்ந்து மாய்ந்து நடத்திய பாடம் முழுக்க அதில் கேள்வியாக நின்றது. இவரையா போய் வாயை மூடச் சொன்னோம்!

கிளம்பப் பார்த்த டிராக்டரின் கதவைப் படபடவென்று தட்டினாள்.

"புதன்கிழமை கண்டிப்பா வாங்க. எப்பவும்போலக் கையைத் தூக்குங்க."

"எஸ்கோ சொல்லித்தானே வந்தீங்க? அவர் கையெழுத்துப் போடலேன்னா உங்க வேலை?"

"போனா போகட்டும்."

வில்ஹோ தொப்பியைத் தொட்டுவிட்டு, பத்துச் சீட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அப்புறம்தான் கையுறையில் ஒட்டிக்கொண்டு பிரிக்காத சீட்டு ஒன்று பாக்கி இருப்பதை ஐலா பார்த்தாள். நல்ல கெட்டித் தாள். பேர் எழுதவில்லைதான். ஆனால் தாளின் தலையில் 'வங்கி மேலாளர் அலுவலகம்' என்று அழகாக அச்சடித்திருந்தது.

அதன் கீழே, அவசரக் கிறுக்கலில்:

"வட்டியை ஏத்தினா விலைவாசி எப்படிக் குறையும்? இருபது வருஷமா தலையாட்டிட்டு இருக்கேன், இன்னும் பிடிபடல. நீ கேளு. எப்பவும்போல நான்தான் முதல்ல சிரிப்பேன், கோச்சுக்காதே."