அப்பா சொன்ன ஐந்து வார்த்தைகள்

“எங்கப்பா மூளையில என்ன பண்ணித் தொலைச்சீங்க டாக்டர்?”

மகன் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலை மறித்துக்கொண்டு கேட்டான். பின்னால் அம்மா சுவரோரமாக நின்றாள்.

“பைபாஸ் நல்லபடியா முடிஞ்சிருக்கு. இந்த வயசுல கொஞ்சம் குழப்பம்...” என்றார் மயக்க மருந்து டாக்டர்.

“குழப்பமா? ஆபரேஷனுக்கு முன்னாடி அஞ்சு வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிக் கேட்டீங்களாமே. கடகடன்னு சொன்னாராம். நீங்களே அசந்துட்டீங்களாம். இன்னைக்கு ஒண்ணுகூட வரலை!”

டாக்டரையும் அதுதான் குடைந்தது. புதிய முறை. நெற்றியில் ஒட்டும் பட்டை, மூளையின் அலைகளைத் திரையில் காட்டும். அதைப் பார்த்துப் பார்த்து மயக்க மருந்தைக் குறைக்கலாம். முதியவர்களின் நினைவு கலங்காமல் இருக்கிறதா என்று அறியத்தான் இந்த ஆராய்ச்சியே.

“புது மெஷினுக்கு எங்கப்பாதான் எலியா?”

“விவரம் சொல்லித்தான் சேர்த்தோம்.”

“புகார் கொடுக்கத்தான் போறேன். உங்க ஆராய்ச்சியை இழுத்து மூட வைக்கிறேன், பாருங்க.”

டாக்டர் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். பதிவான அலைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று. எங்கும் பிசகில்லை. பட்டையைச் சரியாக ஒட்டவில்லையோ? மெஷினே பொய் சொல்கிறதோ? அவருக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்தது.

“வீட்ல ஏற்கெனவே மறதி இருந்துச்சாம்மா?”

“சேச்சே, அதெல்லாம் கிடையாது” என்றாள் அம்மா அவசரமாக.

“வெளியூர்ல இருந்தாலும் தினமும் போன்ல பேசுறவன் நான். எனக்குத் தெரியாதா? பழியை அவர்மேலயே போடப் பாக்குறீங்களா?” என்றான் மகன்.

“இன்னொரு தடவை கேட்டுப் பார்த்துடலாம். நீங்களே பக்கத்துல இருங்க.”

மூவரும் மாஸ்க் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்தார். அம்மா அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“சாவி, குடை, பூனை, ரயில், மஞ்சள்.”

சாப்பாடு, தூக்கம் என்று கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டு டாக்டர் கேட்டார்: “இப்ப அந்த அஞ்சையும் சொல்லுங்க ஐயா.”

அப்பா டாக்டரைப் பார்க்கவே இல்லை. அவர் தோளுக்கு மேலாக அம்மாவைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

“முதல்ல அந்த மாஸ்க்கைக் கழட்டு. தப்பாச் சொன்னா ஆபரேஷன் பண்ண மாட்டாங்கன்னு அன்னைக்கு நீ வாயசைச்சுக் காட்டின மாதிரி காட்டினாத்தானே நான் சொல்ல முடியும்?”