மூன்றாம் நம்பர் கொம்பியூட்டர்

“நிப்லாட பேர நான் வெட்டப் போறன்.”

சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றிக்கொண்டேதான் மஜீட் சேர் இதைச் சொன்னார். மேசையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்புப் பட்டியல் கிடந்தது. பரீட்சைக்கு இன்னும் ஆறு கிழமை.

தறியில் இருந்து அப்படியே எழும்பி வந்தவள் மைமூனா. கையில் நூல் தும்பு கூடப் போகவில்லை. சுள்ளென்று ஏறியது.

“ஏன் சேர்? என்ட புள்ள களவெடுத்தாளா?”

“களவெடுத்தாலும் பறவாயில்ல தங்கச்சி. பெப்ரவரியில நூற்றி அறுபத்திரெண்டு எடுத்த புள்ள, இப்ப நூற்றிப் பத்து. ஸ்கூல் விட்டா நேரா றஸாக்ட நெட் கடை. ஒன்லைன்ல கார் ஓட்டுறா. இவள வெச்சிக்கிட்டு நான் றிசல்ட் காட்டுறதா?”

“பொய்! ஸ்கூல் விட்டா அவ குர்ஆன் ஓதப் போறவ.”

“ஓதப் போறதுக்கு முந்தி எங்க போறா எண்டு கேளுங்க.”

வாசலில் நின்ற நிப்லா குனிந்து நகத்தைக் கடித்தாள்.

மைமூனா மகளைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன வருமோ என்று பயம். பயம் வந்தால் அவளுக்குக் குரல் உயரும். சுனாமியில் கடல் வந்து போன நாளில் இருந்தே அப்படித்தான். ஆம்பிளை இல்லாத வீட்டுக்குக் குரல்தானே கதவு.

“றஸாக் காக்காட கடைக்குள்ள பேர் பதியாம ஈயும் போகாது. கொப்பியக் கொண்டு வரச் சொல்லுங்க. அதுல என்ட புள்ள இருந்தா, பேர நானே வெட்டித் தாறன்!”

அது நாட்டில் சண்டை நடந்த காலத்துப் பழக்கம். அடையாள அட்டையைப் பார்த்து, பேர், இலக்கம், நேரம் எல்லாம் எழுதிவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவார். சண்டை மே மாதமே முடிந்துவிட்டது. றஸாக்கின் கைக்கு இன்னும் தெரியாது.

சேர் போன் அடித்தார். கடை எதிரேதான். றஸாக் பேர் பதியும் சீ.ஆர். கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மேசையில் வைக்கவில்லை.

“வேணாம் தங்கச்சி. இனிப் புள்ளய உள்ளுக்கு எடுக்க மாட்டன். இதோட விடுங்க.”

“ஏன் காக்கா பயப்படுறீங்க? தாங்க இஞ்ச!”

பறித்துப் புரட்டினாள். நிப்லா இல்லை. அடுத்த பக்கம். இல்லை.

“பார்த்தீங்களா சேர்? எங்க என்ட புள்ள? ஒரு இடத்திலயாவது...”

விரல் நின்றது.

பகல் 2.10. மூன்றாம் நம்பர் கொம்பியூட்டர். அச்சிமுகம்மது.

மறுநாளும் 2.10. மூன்றாம் நம்பர். அச்சிமுகம்மது.

அவள் புருஷன். கடல் ஆளைத் திருப்பித் தரவில்லை. அவருடைய அடையாள அட்டையை மட்டும் சேற்றில் விட்டுப் போனது. அலுமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். வாக்காளர் இடாப்பு, பள்ளிவாசல் சந்தாக் கொப்பி, எல்லாவற்றிலும் அந்தப் பேரை வெட்டச் சொல்லிக் கையெழுத்து வைத்தவளும் அவள்தான்.

மஜீட் சேர் எட்டிப் பார்த்தார்.

“மௌத்தாப் போன ஆள்ட கார்டா! றஸாக், தெரிஞ்சா எழுதினீங்க?”

“தெரியும் சேர். கார்ட் இல்லாம வரப்படாது எண்டு முதல் நாள் திருப்பி அனுப்பினன். அடுத்த நாள் இதக் கொண்டு வந்து நீட்டினா. என்னத்தச் சொல்ல?” றஸாக் யாரையும் பார்க்கவில்லை. “நேரம் முடிஞ்சா கொப்பியப் பார்த்துத்தான் ஆளக் கூப்பிடுவன். ‘அச்சிமுகம்மது, நேரம் சரி!’ எண்டா சிரிச்சிக்கிட்டு எழும்புவா. ஆட்டம் முதலே முடிஞ்சாலும் போக மாட்டா சேர். கூப்பிடும் வரைக்கும் குந்திக்கிட்டு இருப்பா.”

மஜீட் சேர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார்.

“அது சரி. மார்க்ஸுக்கு என்ன சொல்றீங்க? இனிப் போக மாட்டா எண்டு எழுதித் தாங்க. இல்லாட்டி வெட்டுறதுதான்.”

மைமூனா அவர் கையில் இருந்த சிவப்புப் பேனையை எடுத்தாள். மூடியைப் போட்டு இறுக்கி, பட்டியலுக்கு மேலே வைத்தாள்.

“மார்க்ஸ் என்ட பொறுப்பு. தறிய நேரத்தோட நிப்பாட்டிட்டு முன்னுக்கு இருந்து படிப்பிப்பன். பேர வெட்டுறது மட்டும் ஏலாது சேர். எங்கட ஊட்டுல வெட்டினது போதும்.”

கொப்பியில் இன்றைய திகதியை விரித்து றஸாக்கிடம் நீட்டினாள்.

“எழுதுங்க காக்கா. மூன்றாம் நம்பர். நேரம் முடிஞ்சதும் அந்தப் பேர நல்லாச் சத்தம் வெச்சுக் கூப்பிடுங்க, வாசல்ல நானும் நிக்கிறன்.”