தொட்டி நிறைய வெள்ளம்

“ஏளா பேச்சி, எந்தி! வீட்டுக்குப் போவோம்.”

ஆவுடையப்பன் வாசலில் நின்றே அதட்டினார். ஏழு வயசு மகள் பேச்சி திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பொம்மையை முக்குவதும் எடுப்பதுமாக இருந்தாள்.

“நடுவுல கூப்பிடாதீங்க அண்ணாச்சி. அவ நேரம் இன்னும் முடியல” என்றாள் ஜெயஷீலா. சமூகப்பணி படிக்கிற பெண். தூத்துக்குடியில் இருக்கும் அந்தக் குழந்தைகள் மையத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்தாள்.

“பொம்மைய முக்கி எடுக்கதுதான் வைத்தியமா? மருந்து இருந்தா குடுங்க டீச்சர். இல்லன்னா நாளைக்கு அனுப்ப மாட்டேன்.”

“வெள்ளத்துல அம்மா போனதுலருந்து பிள்ளை வாயே திறக்கல. வாய்க்கு வராதது விளையாட்டுல வெளிய வரும்.”

“வர வேண்டாம். உள்ளயே கெடந்து மக்கிப் போவட்டும்.”

ஜெயஷீலாவுக்குச் சுள்ளென்று ஏறியது. ஏரல் பக்கத்தில் இருக்கும் அவர் ஊரில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆற்றுவெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோது பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு, மாட்டை அவிழ்க்கத் தொழுவத்துக்கு ஓடினவராம். பிள்ளையைப் பரணில் ஏற்றிவிட்ட மனைவியை, அவர் திரும்புவதற்குள் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. ஊர் ஏச்சுத் தாங்காமல்தான் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்துவிட்டார்.

“எது வெளிய வந்துரும்னு பயப்படுதீங்க? பெண்டாட்டிய விட மாடு பெருசாப் போன கதையா?”

அவர் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“நீங்க அனுப்பலன்னா நானே வீட்டுக்கு வந்து கூட்டிட்டு வருவேன். நம்பிக்கை இல்லன்னா உள்ள வந்து பாருங்க!”

தயங்கித் தயங்கி வந்து மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

பேச்சி அவரையே பார்த்தாள். ஆண் பொம்மை ஒன்றை எடுத்து அவர் கையில் திணித்தாள். பிளாஸ்டிக் கன்றுக்குட்டியைத் தண்ணீருக்குள் போட்டாள். இத்தனை மாசத்தில் முதல் தடவையாகக் குரல் வந்தது.

“அப்பா, கன்னுக்குட்டி முங்குதுப்பா! போங்கப்பா... நீங்க போய் அவுத்துவிட்டாத்தான் நான் பரண்ல ஏறுவேன்!”

ஜெயஷீலா ஆவுடையப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆவுடையப்பன் மகளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார். அவள் காதைக் கையால் பொத்திவிட்டு, அடிக்குரலில் சொன்னார்:

“ஊரு என்னையவே ஏசட்டும் டீச்சர். ‘ஆத்தாள முழுங்குனவ’ன்னு எம்பிள்ளைய ஒரு வாய் சொல்லிரக் கூடாது.”