எந்த யூனியன்?

"ஷ்ராக் வீட்டுக் கல்யாணம் இங்கதானே? இது யூனியன் டவுன்ஷிப்தானே?" காரை விட்டு இறங்கிய பெண் கேட்டாள்.

"யூனியன்தாம்மா. ஆனா நீ தேடுற யூனியன் பக்கத்து மாவட்டத்துல, அடுத்த கவுண்டியில இருக்கு," என்றார் தனியாக வசிக்கும் வெர்னன்.

"அட கடவுளே. வேற பேரே கிடைக்கலையா உங்களுக்கு?"

"இந்த ஒஹாயோ மாநிலத்துல திரும்புற பக்கமெல்லாம் ஒரு யூனியன். நேரம் இருக்குல்ல, காபி குடிச்சிட்டுப் போ. ஆப்பிள் கேக் சூடா இருக்கு."

அவள் சிரித்துப் பேசி, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

"ஊர்ப்பலகையில கவுண்டி பேரு சரியாவே தெரியல. யார்கிட்டயாவது சொல்லுங்க."

"நானே பார்த்துக்கறேம்மா."

கார் மறைந்ததும் வெர்னன் பெயின்ட் டப்பாவுடன் பலகைக்கு நடந்தார். போன தடவை அவர் அடித்த வெள்ளை பெயின்ட் மழையில் கரைந்து, கவுண்டியின் பெயர் லேசாக எட்டிப் பார்த்தது. அதன்மேல் இன்னொரு பூச்சு கெட்டியாக அடித்தார்.

அடுத்த சனிக்கிழமையும் யாருக்காவது கல்யாணம் இருக்கும்.