பட்டாளத்துக் கைத்துப்பாக்கி

பட்டாளத்தில் கழித்துப்போட்ட கைத்துப்பாக்கி ஒன்றை, பொழுதுபோக்காகச் சுட்டுப் பழக ஒருவர் மலிவாக வாங்கி வந்தார்.

சுடும் மைதானத்து மேஜையில் வைத்ததிலிருந்து அதன் வாய் ஓயவில்லை. பனிமலையில் தான் நின்ற நிலை என்ன, எதிரி ஓடிய ஓட்டம் என்ன என்று அளந்துகொண்டே இருந்தது. பக்கத்திலிருந்த காலி பிஸ்கட் டப்பா மூடியைத் திறந்தபடி கேட்டது.

"அண்ணே, எத்தனை பேரைச் சுட்டிருப்பீங்க?"

"அதையெல்லாம் யாருப்பா எண்ணிக்கிட்டு இருந்தா?"

அப்போது அவர் பிரஷ்ஷை எடுத்துத் துப்பாக்கிக் குழலுக்குள் விட்டார். உள்ளே தொழிற்சாலையில் அடைத்த கிரீஸ் அப்படியே கட்டியாக இருந்தது. ஒரு குண்டுகூட அந்த வழியாகப் போனதில்லை.

"என்னங்க இது?" என்றது பிரஷ்.

"மெதுவாப் பேசு. பெட்டியிலேயே கிடந்துட்டேன். வெளியே சொல்லிடாதே."

பிரஷ் கிரீஸை வழித்துக்கொண்டு வெளியே வந்தது.

அவர் டப்பாவை மண்மேட்டில் வைத்துச் சுட்டார். குண்டு நடுவில் துளைத்தது. தன் சத்தத்தில் கைத்துப்பாக்கியே வெலவெலத்துப் போனது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

மேஜையடியில் இருந்த கூடைக்கு வந்து சேர்ந்த டப்பா, மற்ற டப்பாக்களிடம் சொன்னது: "கொஞ்சம் தள்ளி உட்காருங்க. இது போர்ல பட்ட காயம்."

அதைக் கேட்ட கைத்துப்பாக்கி பிரஷ் பக்கம் திரும்பியது.

"பார்த்தியா? இப்ப சாட்சியும் கிடைச்சாச்சு."